சந்தேக மருந்து

கோமதிநாயகத்துக்கு முதல் சந்தேகம் சாம்பாரில் வந்தது.

கைதிகளுக்கான மறுவாழ்வு மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், "உப்பு போதுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். நாயகம் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை. இன்னொரு கவளம் சாப்பிட்டுப் பார்த்தான். போதும் என்றும் பட்டது, போதாது என்றும் பட்டது. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை. நாக்குக்குப் பட்டதை வாய் சொல்லிவிடும். இன்றைக்கு நாக்குக்கும் வாய்க்கும் நடுவே யாரோ வந்து நின்றுகொண்டு, "அப்படியா, நிச்சயமாகவா?" என்று கேட்பதுபோல் இருந்தது.

கிண்ணத்தைத் தொடாமலே எழுந்து கை கழுவப் போனான். குழாயடியில் நின்றபோதுதான் பயம் வந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அந்த மருந்தைப் பற்றி டாக்டர் மீனலோசனி தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார். மூளை நரம்பியல் படித்தவர். கைதிகளிடம் பேசும்போதுகூடக் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாதவர்.

"உங்களுக்குப் பசிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"வயித்தைக் கிள்ளும்."

"கிள்ளுறது ஓர் உணர்ச்சி. வயித்துல சாப்பாடு இருக்கா இல்லையாங்கிறது வேற விஷயம். வயிறு நிறைஞ்சிருந்தாலும் சில பேருக்குப் பசிக்கும். 'எனக்கு நிச்சயமாத் தெரியும்'ங்கிறதும் அதே மாதிரிதான். அதுவும் ஓர் உணர்ச்சி. மூளையில அதுக்குன்னு ஓர் இடம் இருக்கு. விஷயம் உண்மையிலேயே நமக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் அந்த உணர்ச்சி வரும்னு கிடையாது. சில பேருக்குச் சீக்கிரமே வந்துடும். வந்தா லேசுல போகாது."

"நான் அந்தச் சில பேருல ஒருத்தன்னு சொல்லுதீங்க."

"ஸ்கேன்ல அப்படித்தான் தெரியுது. இந்த மருந்து அந்த இடத்தைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான். உங்க கொள்கையை நாங்க தொட மாட்டோம். எதை நம்பணும்னும் சொல்ல மாட்டோம்."

நாயகம் சிரித்தான். "கொள்கையைத் தொடாம என்னத்தை மாத்தப் போறீங்க? குடம் குடமா ஏத்தினாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

"அப்படின்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே."

ஆய்வில் சேருகிறவர்களுக்குத் தண்டனைக் காலம் குறையும் என்று அரசு அறிவித்திருந்தது. டாக்டர் மேற்கொண்டு ஏதேதோ நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாயகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடித்ததும் கையெழுத்துப் போட்டான். வாரம் ஒருமுறை கையில் ஊசி குத்தி, தெளிவான நீர்போல் எதையோ சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தன்னை எதுவும் அசைக்காது என்பதில் அவனுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

பிறந்ததிலிருந்தே இப்படி இருந்தவன் அல்ல நாயகம். சின்ன வயதில் ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் நிற்பான் என்று அவனுடைய அக்கா பூரணம் சொல்வாள். கட்டுமானத்தில் டிப்ளமோ படித்துவிட்டு ஊருக்கு வந்தான். வந்த கொஞ்ச நாளில் ஆற்றிலிருந்து தொழிற்பேட்டைக்குக் குழாய் பதித்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் ஊர்க் குளம் நிறையவே இல்லை. கிணறுகள் கீழே போயின. வாழைத் தோப்புகள் நின்றபடியே காய்ந்தன. நாயகம் மனு கொடுத்தான், உண்ணாவிரதம் இருந்தான், நீதிமன்றத்துக்கும் போனான். குழாய்க்கும் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். சம்பந்தம் உண்டு என்று வேறு நிபுணர்கள் இன்னொன்று தந்தார்கள். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த பக்கத்து ஊர்க்காரர்கள் குழாயைக் குறை சொன்னால் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவனைத் தின்றது. படுத்தால் இரண்டு பக்கமும் மாறிமாறி மண்டைக்குள் வழக்காடும். தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தளவாய் அறிமுகமானான். கல்லூரியில் தத்துவம் படித்தவன், மெல்லப் பேசுகிறவன். நீர்மீட்புப் படை என்ற சின்னக் கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு ஏன் தூக்கம் வரலன்னு தெரியுமாடே? ரெண்டு பக்கமும் யோசிக்கே. யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும்னுதான் குழாய் போட்டவன் இத்தனை அறிக்கை போடுதான். நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள ஆத்துல மணல்தான் மிஞ்சும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. இதுல நடுவுல நிக்கவன்னு ஒருத்தன் கிடையாது. நடுவுல நிக்கவனும் அந்தப் பக்கம் நிக்கவன்தான்."

அன்றைக்கு நாயகம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

இந்த மாதிரி இயக்கங்களில் சேருகிறவர்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் பேசும்போது கோபத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நாயகத்தின் கோபமெல்லாம் சேருவதற்கு முன்னால் இருந்தது. சேர்ந்த பிறகு கிடைத்தது ஓய்வு. செய்தித்தாளைப் பிரித்தால் எது பொய், எது மெய் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். பழைய சிநேகிதன் எதிர்க்கேள்வி கேட்டால் அவன் விலைபோய்விட்டான் என்று தெரிந்துவிடும். கேள்வி கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அவனுக்குப் பாரம் குறைந்தது. கடைசியில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அத்தனை பேருக்கும் ஒன்றே தோன்றுகிறதென்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு நாள் மதியம், ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தின் சுவரோரம் அவன் ஒரு பையை வைத்துவிட்டு வந்தான். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தளவாய் சொல்லியிருந்தான். உள்ளே பிரகாசி என்ற உதவிப் பொறியாளர் இருந்தாள். இறந்துபோனாள்.

வருத்தப்படுகிறாயா என்று நீதிபதி கேட்டார். "வருத்தப்பட ஒண்ணும் இல்ல. அந்தக் குழாயில கை வச்ச எல்லாருக்கும் திருட்டுல பங்கு உண்டு" என்றான் நாயகம். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது.

சாம்பாரில் தொடங்கியது அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரங்களில் அது மெல்லப் பரவிற்று. தளவாய் சொன்ன புள்ளிவிவரம் ஒன்று நினைவுக்கு வரும். அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லையே என்று தோன்றும். நடுவில் நிற்பவனும் அந்தப் பக்கம்தான் என்றால், படையில் சேருவதற்கு முன்னால், யோசித்துக்கொண்டு நின்ற தான் எந்தப் பக்கம்? விலைபோனவன் என்று விரட்டிய சிநேகிதன் இன்றைக்கும் அதே காய்ந்த தோப்பில்தானே கிடக்கிறான், அவனை யார் என்ன விலைக்கு வாங்கினார்கள்? ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அவனுக்குக் கைவசம் ஒரு பதில் இருந்தது: இது நான் கேட்பதில்லை, மருந்து கேட்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டால் கேள்வியை உள்ளே விடுவது எளிதாக இருந்தது.

தூக்கம் மறுபடியும் போயிற்று. ஒரு நாள் டாக்டரிடம் சண்டை போட்டான்.

"எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் உருவிட்டீங்க. என்னைத் தூக்குல போட்டிருந்தாக்கூட நான் நானா செத்திருப்பேன்."

"இப்ப நீங்க யாரு?" என்று கேட்டார் மீனலோசனி.

"எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க மருந்தைக் கேளுங்க."

"மருந்தை நிறுத்தணுமா? எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். உங்க உரிமை அது" என்றார். நாயகம் நிறுத்தச் சொல்லவும் இல்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை. மறுவாரம் கையை நீட்டினான்.

இறந்தவரின் குடும்பத்தார் விரும்பினால் கைதியைச் சந்திக்கலாம் என்று அந்த மையத்தில் ஒரு விதி இருந்தது. யாரும் வருவதில்லை. ஒரு நாள் பிரகாசியின் கணவர் சவரிமுத்து வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலையில் மெக்கானிக். நல்ல உயரம். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் திட்ட வரல. மன்னிக்கவும் வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதான் வச்சியா, தெரியாம வச்சியா?"

நாயகம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னால சொல்ல முடியல. எது நடந்துச்சு, எது நானா நினைச்சுக்கிட்டதுன்னு பிரிக்க முடியல. எல்லாமே சந்தேகமா இருக்கு. மருந்து அப்படி..."

"என்ன மருந்து?"

டாக்டர் சுருக்கமாக விளக்கினார். சவரிமுத்து முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"நல்ல மருந்துதான். அன்னைக்குக் கோர்ட்டுல இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. எம் பொண்டாட்டி திருடின்னுகூடத் தெரிஞ்சிருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. கேக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்யா இருக்கு. ரெண்டுலயும் இவன் பதில் சொல்ல வேண்டியது இல்ல."

நாற்காலியை மேசையோடு சேர்த்துத் தள்ளிவிட்டு அவர் போய்விட்டார். நாயகத்துக்கு அவர்மேல் கோபம் வந்தது. மருந்து ஏற்றப்பட்ட ஒரு மனிதனிடம் இப்படிப் பேசலாமா என்று தோன்றியது. அந்தக் கோபத்தில் மட்டும் அன்றைக்கு அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆய்வு முடிந்து, நன்னடத்தைப் பிணையில் அவனை வெளியே விட்டார்கள். பூரணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள்.

"வேற எதுவும் செய்ய வேண்டாம். மிஷின்ல பேப்பரை வையி, எடு. யோசிக்காம செய்யுத வேலை" என்றாள்.

"யோசிக்காம செஞ்சுதான் இங்க வந்து நிக்கேன்க்கா."

"அதுக்குன்னு ஜெராக்ஸுக்கும் யோசிப்பியால?" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

சில மாதங்கள் கழித்து, போலீஸிடம் அகப்படாமல் திரிந்த தளவாய் கடைக்கு வந்தான். மீசையை மழித்துவிட்டிருந்தான், கையில் நகல் எடுக்க ஒரு தாள். பூரணம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் நாயகத்தின் தோளைத் தொட்டான். அந்தத் தொடுகையில் நாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று ஒருவன் அவனை இப்படித் தொட்டு!

"ஒன்னை என்ன பாடு படுத்திட்டானுவோன்னு எல்லாரும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். மூளையிலேயே கைய வச்சுட்டான் பாரு. ஒனக்காகவும் சேத்துத்தான்டே அடுத்தது. வெள்ளிக்கிழமை. அதே ஸ்டேஷன்ல, புதுசா கட்டுன பம்பு அறை. எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். முடிஞ்ச பிறகு நம்ம ஆளா நின்னு பேசணும், அவ்வளவுதான்."

"உள்ள ஆள் இருப்பாங்களா?" என்று நாயகம் கேட்டான்.

"ஷிப்டு மாறுத நேரம். இருக்க மாட்டாங்க."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க."

தளவாய் அவனையே பார்த்தான். கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல் மென்மையாகச் சொன்னான். "இதை நீ கேக்கல நாயகம். மருந்து கேக்குது."

நகலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாயகம் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தான். தான் இத்தனை மாதங்களாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் தளவாயின் வாயிலிருந்து வந்தது அவனுக்கு என்னவோபோல் இருந்தது. யார் கேட்டால் என்ன? உள்ளே ஆள் இருப்பார்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லையே.

வெள்ளிக்கிழமை காலையில் நீரேற்று நிலையத்துக்குப் போகிற பேருந்தில் ஏறினான். பாதி வழியில் இறங்கிவிட்டான். தளவாய் தன்னைச் சோதிப்பதற்காகப் பொய் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், குழாய் குழாய்தான், ஊருக்குத் தண்ணீர் இல்லாதது இல்லாததுதான். அந்த நியாயம் இன்றைக்கும் செத்துப்போகவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு இருப்பதைவிடச் சும்மா இருந்துவிடலாம். சும்மா இருந்தால் ஒருவேளை ஒன்றும் நடக்காமலும் போகலாம். நிழற்குடையில் உட்கார்ந்து மனம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தான். அது வரவில்லை. இனி வரவே வராது என்று தோன்றியது. முடிவு வராமலே எழுந்து அடுத்த பேருந்தில் ஏறினான்.

நிலையத்தின் வாசலில் காவலுக்கு ஒரு பெண் இருந்தாள். நாயகம் அவளிடம் போய், "உள்ள குண்டு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எல்லாரையும் வெளிய கூப்பிட்டுருங்க" என்றான்.

"என்னய்யா சொல்லுதே? இருக்கா, இல்லையா?"

"நிச்சயமா தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு வந்தே?"

"தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு உக்காந்திருந்தேன்னா நேரம் போயிருமேம்மா."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். யாரென்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அடி பின்னால் போனாள். பிறகு ஓடிப்போய் அபாயச் சங்கை அழுத்தினாள். உள்ளிருந்த ஆட்கள் எரிச்சலோடு பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒருவர் தேநீர்க் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கடைசி ஆள் சாலையைத் தாண்டி, போலீஸ் ஜீப் வந்து நின்ற சிறிது நேரத்தில் புதிய பம்பு அறையின் கூரை மேலே எழும்பி, உடைந்து விழுந்தது. ஒரு பெரியவருக்குக் காது அடைத்துக்கொண்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

போலீஸ் அவனைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. தளவாய் பக்கத்து மாநிலத்தில் அகப்பட்டான். பூரணத்தின் கடைக் கதவில் யாரோ துரோகி என்று தாரால் எழுதினார்கள். அவள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், முழுவதும் போகவில்லை. வேறு சிலர் மாலையோடு வந்தார்கள். தொலைக்காட்சியில் அமைச்சர் பேசினார். ஒரு பயங்கரவாதியை நம் விஞ்ஞானிகளின் மருந்து மனிதனாக்கிவிட்டது என்றார். அந்த மருந்தைச் சிறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அல்லாமல், பாதை மாறக்கூடும் என்று கருதப்படுகிறவர்களுக்கும் முன்கூட்டியே கொடுக்கச் சட்டம் வரப்போகிறது என்றார். நாயகத்தின் படத்தைத் திரையில் காட்டினார்கள். மருந்துதான் செய்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நாயகமும் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னான்.

சில வாரங்கள் கழித்து மீனலோசனி ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பூரணம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, காபி வாங்கிவரப் போனாள்.

"ஆய்வோட ரகசியக் குறியீட்டைப் பிரிச்சுட்டோம்" என்றார் டாக்டர். "யாருக்கு எது போச்சுன்னு இதுவரைக்கும் எனக்கே தெரியாது. அப்படித்தான் நடத்தணும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ஆரம்பத்துலயே இதை உங்ககிட்ட சொன்னேன்."

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நாயகம் கையில் இருந்த தாள்கட்டைக் கீழே வைத்தான்.

"உங்களுக்குப் போனது உப்புத் தண்ணி" என்றார் அவர்.

தெருவில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"அப்ப அந்தச் சாம்பார்... தூக்கம் போனது..."

"எல்லாம் உங்களோடதுதான். எனக்கும் முதல்ல நம்ப முடியலை. அப்புறம் உங்க பேச்சுப் பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். சந்தேகம் வந்தா துரோகின்னு அர்த்தம்னு நீங்க பழகியிருந்தீங்க. மருந்து மேல பழியைப் போடலாம்னு ஆனதும், துரோகி ஆகாமலே சந்தேகப்பட வழி கிடைச்சுது. கேள்வி எல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கு. நாங்க அதுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கோம், அவ்வளவுதான்."

"ஸ்கேன்ல என்னமோ தெரியுதுன்னீங்களே."

"தெரிஞ்சுது. ரொம்ப நாள் ஒரே பக்கமா நடந்தா காலும் அப்படித்தான் வளையும். காலு அப்படி இருந்ததாலதான் ஒரே பக்கமா நடந்தீங்கன்னு நான் நினைச்சேன். தப்பு." அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "உண்மையான மருந்து போனவங்கள்ல சில பேருக்கு இப்ப பேருந்துல எந்த நிறுத்தத்துல இறங்கணும்னுகூட முடிவெடுக்க முடியலை. இதை எல்லாம் போன வாரம் அமைச்சக் கூட்டத்துல சொன்னேன். சட்டத்தை நிறுத்தச் சொன்னேன். அந்த அறையில உக்காந்திருந்த அத்தனை பேர்ல ஒருத்தருக்காவது ஒரு சின்னச் சந்தேகம் வரணுமே? வரலை. அதனால நாளைக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு நானே சொல்லப் போறேன். உங்க பேர் வரும். உங்ககிட்ட கேக்காம செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

"சொல்லுங்க" என்றான் நாயகம்.

"நல்லா யோசிச்சுட்டே..."

"சொல்லுங்க டாக்டர்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "வருத்தப்படுவீங்கன்னு நினைச்சேன். ஒரு விதத்துல இது நல்ல சேதிதானே? அந்த வாசல்ல போய் நின்னது மருந்து இல்லை, நீங்க."

பூரணம் காபியோடு வந்தபோது டாக்டர் போயிருந்தார். அவர் கடைசியாகச் சொன்னதை நாயகம் அக்காவிடம் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, எந் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு" என்றாள். அவனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. காபியைக் குடித்தான். பாதிக் குவளையில் அந்த நிமிர்வு தளர்ந்துவிட்டது.

மூளையில் அந்த இடம் பூட்டிக் கிடந்ததால்தான் சந்தேகம் வரவில்லை என்று ஸ்கேன் சொன்னதை ஒரு காலம் நம்பினான். மருந்து ஏற்றியதால் உறுதி வரவில்லை என்று இன்னொரு காலம் சொன்னான். பூட்டும் இல்லை, மருந்தும் இல்லை என்றால், நீரேற்று நிலையத்தின் வாசலில் போய் நின்றவன் அவனேதான். அப்படியானால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், அதே கட்டடத்தின் சுவரோரத்தில் நின்றவன் யார்?

"என்னல, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றாள் பூரணம்.

"தூத்துக்குடிக்குப் போயிட்டு வாரேன்க்கா."

ஐஸ் ஆலைக்குள் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது. நீளமான ஐஸ் பாளங்கள் சறுக்குப் பலகையில் வந்து, வெளியே நின்ற மீன் லாரியில் விழுந்துகொண்டிருந்தன. சவரிமுத்து கம்ப்ரெஸருக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நாயகத்தைப் பார்த்தவர் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றார்.

"டிவில பாத்தேன்" என்றார். "மாலை எல்லாம் போட்டாங்களே. இங்க எதுக்கு வந்தே?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

"மருந்து தெளிஞ்சிருச்சா?"

"எனக்கு மருந்து குடுக்கவே இல்ல. உப்புத் தண்ணிதான் குடுத்திருக்காங்க. நாளைக்கு டாக்டரே சொல்லுவாங்க."

சவரிமுத்து ஸ்பானரைக் கீழே வைத்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால் நாயகம் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட விஷயத்தை உரக்கச் சொல்வது கொடுமையாக இருந்தது.

"தெரியும். அவங்க உள்ள இருக்கது தெரியும். பையை வச்சுட்டுத் திரும்பும்போது ஜன்னல் திறந்திருந்துச்சு. மேசையில டிபன் பாக்ஸைத் திறந்து வச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாக்கல. நான் நின்னேன். எடுத்துரலாம்னு பைகிட்ட திரும்பிக்கூடப் போனேன். எடுத்துட்டுப் போனா தளவாய் அண்ணனுக்கு என்ன பதில் சொல்லன்னு தோணுச்சு. நீயும் நடுவுல நிக்கவன்தானான்னு கேப்பாரேன்னு தோணுச்சு. அதுக்காக விட்டுட்டு நடந்தேன். அப்பமே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வரலன்னு சொன்னது பொய்."

லாரிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, போதும், நிறுத்துங்க" என்று கத்தினான். சவரிமுத்து கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். பெரிய சத்தம் ஒன்று அடங்கி, ஐஸிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"சாப்பிட்டு முடிச்சிருந்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் நாயகம். "பாதிதான் சாப்பிட்டிருந்தாங்க."

அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.